கண்டல் வேருக்குள் ஒரு படகு

கடல் தாண்டி மெயின்லேண்டில் ஒரு கேம் கம்பெனி. வேலை தருவதற்கு முன்னால் சின்னதாக ஒரு விளையாட்டு எழுதி அனுப்பச் சொன்னார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயசு. தீவில், புரோத்ராபூரில் கம்ப்யூட்டர் கடை வைத்து, ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன். இதை விட்டால் இன்னொருத்தன் கூப்பிடப்போவதில்லை என்று எனக்கே தெரியும்.

பாராடாங் பக்கத்து ஓடையைத்தான் விளையாட்டாக்கினேன். தண்ணீருக்குள் நீட்டி நிற்கிற கண்டல் மர வேர்களில் இடிக்காமல் படகை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். படகைச் சுற்றி ஒரு கட்டம், வேரைச் சுற்றி ஒரு கட்டம், இரண்டும் தொட்டால் மோதல் என்று எழுதுவது சோம்பேறி வேலை. வேர்ச் சந்துக்குள் புகுந்து வருவதுதானே ஆட்டமே! அதனால் புள்ளி புள்ளியாகப் பார்க்கிற மாதிரி எழுதினேன். படகின் புள்ளியும் வேரின் புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் இடி. துளி நிறம் இருந்தாலும் அது உடம்பு, ஒன்றுமே இல்லாவிட்டால்தான் காலி இடம். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் படகு நான் நினைத்த மாதிரியே ஓடியது.

அனுப்புகிற அன்று கை சும்மா இருக்கவில்லை. எங்கள் தீவுக்காரனுக்கு எதை அனுப்பினாலும் முதலில் ஃபைலைச் சுருக்க வேண்டும். நெட் நத்தையாய் ஊர்ந்த காலத்தில் ஒரு கல்யாண போட்டோ போய்ச் சேர அரை நாள் ஆகும். கடலுக்கடியில் கேபிள் வந்து வருஷங்கள் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. படங்களையெல்லாம் சுருக்கி, ஒரு தடவை ஓட்டிக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டு வரி வந்தது. வேரைத் தொடாமலே படகு உடைகிறதாம், மோதலைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையாம், நன்றியாம். அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். சுருக்கியதில் படங்களின் ஓரம் கசிந்து, காலியாக இருந்த இடமெல்லாம் மெல்லிய கறை. கண்ணுக்குத் தெரியாது, என் புரோகிராமுக்குத் தெரியும். ஒரு சந்து பாக்கியில்லாமல் அடைத்திருந்தது. விளக்கம் எழுதினேன், பதிலே இல்லை. வேலை தெரியாமல் தோற்றிருந்தால் தாங்கியிருப்பேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனே.

மனைவி கேட்டாள், "அன்னைக்கு நெட் நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்குங்க சுருக்குனீங்க?"

சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். வாசலில் ஒருவர் போட்டோவோடு நின்றிருந்தார். விண்ணப்பத்தில் ஏற மாட்டேன் என்கிறதாம்.

"பையா, தோடா சோட்டா கர் தோ" என்றார் இந்தியில், கொஞ்சம் சின்னதாக்கித் தரச் சொல்லி.

சுருக்கிக் கொடுத்தேன்.