முருகன் முகத்தை மறைக்காத போன்

மருமகன் தன்னுடைய பழைய ஐபோனைத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று கத்திவிட்டேன். அதில் செயலிகள் மேலிருந்து வரிசையாக, நான் திரையில் வைக்கும் முருகன் படத்தின் முகத்தில்தான் வந்து உட்காரும். பதுளையில் ஒரு ஆண்ட்ராய்டு வாங்கி, முகப்புத் திரையில் சாமி படத்தை வைத்து, மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அழைக்கும் பொத்தானும் போய்விட்டது.

ஒரு காலை, மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போயிருந்தபோது, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு வலி வந்துவிட்டது. ஆட்டோவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். முருகன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, சாமிய கீழருந்து மேல தள்ளுங்க!”

“சாமியத் தள்ளுறதா?”

“அவரு கோவிச்சுக்க மாட்டாரு. இன்னும் பேசினீங்க, நான் கடிச்சிருவேன்!”

தள்ளினேன். மறைந்திருந்த செயலிகளெல்லாம் மேலே வந்தன. பொத்தான் கிடைத்தது, ஆட்டோவும் வந்தது. ஆஸ்பத்திரிக்குள் போன அரை மணி நேரத்தில் பேத்தி பிறந்தாள்.

இப்போது முருகன் பூட்டுத் திரையில் இருக்கிறார். அங்கே எந்தச் செயலியும் அவரை மறைப்பதில்லை. முகப்பில் பேத்தி படம். அழைக்கும் பொத்தானை அவள் மூக்கின் மேலேயே வைத்திருக்கிறேன். மனைவி திட்டுகிறாள். திட்டட்டும், அதை மட்டும் நகர்த்த மாட்டேன்.