பதினாறாம் எண்

புள்ளியியல் நடத்துகிறவளிடம் யாரும் மனக்கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தமிழ்த் துறைக்குப் போவார்கள், தாவரவியலுக்குக்கூடப் போவார்கள். என் அறைக்கு வந்தால் "எத்தனை நாளா? வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று கேட்டுவிடுவேன் என்று பிள்ளைகளுக்குப் பயம். பாளையங்கோட்டையில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகப் பாடம் எடுத்துச் சம்பாதித்த பெயர் அது. எனக்கு அதில் வருத்தமும் இருந்ததில்லை.

அதனால், கல்லூரி மாணவர்களுக்கான இணையவழி மனநலத் திட்டம் ஒன்றுக்கு வழிகாட்டிகள் வேண்டும் என்று சென்னையிலிருந்து ஓர் ஆய்வுக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் எங்கள் துறைக்கு வந்தபோது நான் சிரித்துவிட்டேன். அவருக்கு முப்பது வயது இருக்கும். உளவியல் படித்தவர், பொறுமைசாலி. திட்டத்தை விளக்கினார். எட்டு வாரம், எட்டுப் பாடம், எல்லாம் தமிழில், போனிலேயே படிக்கலாம். கவலை ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது, தூக்கத்தை எப்படிச் சீராக்குவது, பரீட்சைப் பயத்தை எப்படிச் சின்னச் சின்னதாக உடைப்பது என்று போகும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் அந்த வாரம் நடந்ததைப் பற்றி எழுத வேண்டும். விடுதி விடுதியாகச் சீட்டுக் குலுக்கி, பாதி விடுதிகளுக்குப் பாடம் மட்டும் கொடுப்பார்கள். மீதிக்குப் பாடத்தோடு ஒரு வழிகாட்டியும் உண்டு. வழிகாட்டி வைத்தியர் இல்லை. பிள்ளைகள் எழுதுவதைப் படித்து, வாரத்துக்கு ஒருமுறை நாலு வரி பதில் எழுதுகிறவர், அவ்வளவுதான். நிலைமை கனமாகத் தெரிந்தால் உடனே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும், அவர் ஆலோசகரிடம் சேர்ப்பார்.

"நாலு வரியில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்டேன்.

பாடத்தை மட்டும் கொடுத்தால் பாதிப் பேர் இரண்டாவது வாரமே ஓடிவிடுகிறார்கள் என்றும், மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் நிற்கிறார்கள் என்றும், வேறு ஊர்களில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள் என்றார். சொல்கிறார்கள் என்ற சொல் எனக்கு ஆகாது. எத்தனை பேரைப் பார்த்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், விட்டுப் போனவர்களை எந்தக் கணக்கில் வைத்தார்கள் என்று கால் மணி நேரம் குடைந்தேன். கடைசியில் அவர், "நீங்களே ஒரு ஆறு பேர எடுத்துப் பாருங்களேன் மேடம்" என்றார். நன்றாக மாட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி விடுதி ஒன்றிலிருந்து ஆறு பெண்கள் என் பங்குக்கு வந்தார்கள். பெயர் கிடையாது, முகம் கிடையாது. பதினொன்றிலிருந்து பதினாறு வரை எண்கள் மட்டும். எல்லோரும் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. அவர்கள் என்ன எழுதினார்கள், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்போது முடித்தார்கள் என்பது என் கணினியில் பட்டியலாக வரும்.

முதல் வாரமே ஆறு பேரும் பாடத்தை முடித்திருந்தார்கள். இரண்டாம் வாரமும் அப்படியே. மற்ற வழிகாட்டிகள் தங்கள் பிள்ளைகளுக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தபோது என் ஆறும் அட்டவணை பிசகாமல் வந்தன. அதுவும் வெறுமனே வரவில்லை. பதினொன்று, தூக்கமே வருவதில்லை, விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினாள். பன்னிரண்டு, இரண்டு தாளில் தோற்றுவிட்டதாகவும் வீட்டில் சொல்லவில்லை என்றும் எழுதினாள். பதின்மூன்றுக்கு விடுதிச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. பதினான்கின் அப்பா வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர், பெண் டீச்சராகிவிட்டதாக இப்போதே ஊரில் சொல்லித் திரிகிறார், அதைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. பதினைந்து, தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்பி வராமல் இருந்துவிடலாமா என்று கேட்டிருந்தாள்.

பதினாறு மட்டும் உப்புச் சப்பில்லை. "நன்றாக இருக்கிறேன். ஒரு குறையும் இல்லை." தொடக்கத்தில் நிரப்பச் சொன்ன கேள்வித்தாளிலும் எல்லாவற்றுக்கும் பூஜ்யம், அதாவது கஷ்டமே இல்லை; எண் ஏற ஏறத்தான் கஷ்டம் அதிகம். ஒவ்வொரு வாரமும் அதே இரண்டு வரி.

எனக்கு எழுத வந்தது. அதை ஒத்துக்கொள்வதில் கூச்சமில்லை. பன்னிரண்டுக்கு, தோற்றதை வீட்டில் சொல்வதற்கு ஒரு நாளையும் ஒரு வாக்கியத்தையும் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பதின்மூன்றுக்கு, கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு தோழியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பதினைந்தை ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். அவர் ஆலோசகரோடு பேச அழைத்தபோது, வேண்டாம், உங்கள் பதிலே போதும் என்று அவள் எழுதினாள். அதைப் படித்து நான் ஒருநாள் முழுக்க மிதந்தேன். துறையில் மார்தட்டிக்கொண்டேன், வீட்டிலும் சொல்லித் தொல்லை கொடுத்தேன். நாலு வரி என்று கிண்டல் செய்தவள் நாற்பது வரி எழுதிக்கொண்டிருந்தேன். பதினாறுக்கு மட்டும், "நல்லது, தொடருங்கள்" என்று அனுப்பிவிடுவேன். குறையில்லாதவளுக்கு என்ன எழுதுவது?

ஐந்தாம் வாரம் தசரா வந்தது. அந்த வாரம் எங்கள் பக்கத்தில் வகுப்பு நடத்துவது சும்மா பேருக்குத்தான். அம்மனுக்கு வேசம் கட்ட நேர்ந்துகொண்டவர்கள் குலசைக் கோயிலுக்குப் போய்விடுவார்கள், அவர்களைப் பார்க்கவென்று மற்றவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஒருங்கிணைப்பாளர் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க அந்த விடுதிக்குப் போய், வெறுங்கையோடு திரும்பியதாக போனில் சொன்னார். அந்த ஆறு பேர் இருக்கும் மாடியில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாளாம், பதினாறாம் எண். மற்றவர்கள் சனிக்கிழமையே கிளம்பிவிட்டார்களாம்.

நான் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பதினொன்று உள்ளே வந்திருக்கிறாள். அவள் முடித்த இரண்டாவது நிமிடம் பன்னிரண்டு வந்திருக்கிறாள். அவள் போனதும் பதின்மூன்று. ஐந்தரைக்குள் ஆறு பேரும் முடித்திருந்தார்கள். தசராக் கூட்டத்தில் நெருக்குப்பட்டுக்கொண்டு நிற்கும் பெண்கள் இப்படி வரிசை கட்டியா பாடம் படிப்பார்கள்? முந்தைய நான்கு வாரங்களையும் பார்த்தேன். ஒரு தடவைகூட இரண்டு எண்கள் ஒரே நேரத்தில் உள்ளே இருந்ததில்லை. அந்த நேரங்கள் முதல் நாளிலிருந்து என் கண் முன்னால்தான் இருந்தன. புள்ளியியல் நடத்துகிறவள் பார்க்கவில்லை.

எங்கள் கல்லூரிகளில் இது புதிதில்லை. ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படம் வரைகிற பிள்ளை ஒருத்தி எந்த விடுதியிலும் இருப்பாள். அறை முழுக்க உள்ளவர்களுடைய நோட்டுகளும் அவள் கட்டிலில் வந்து விழும். இலையின் குறுக்குவெட்டைப் பத்து நோட்டில் பத்து தடவை வரைவாள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. வருகைப் பதிவில் மற்றவர்களுக்காகக் குரல் கொடுப்பதும் அவளாகத்தான் இருக்கும். இந்தத் திட்டத்தை முடித்தால் சான்றிதழ் உண்டு என்று சொல்லியிருந்தோம். ஐந்து பேர் சான்றிதழுக்காகச் சேர்ந்து, கடவுச்சொல்லை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் வந்தது கோபம். ஒரு சின்னப் பெண் ஐந்து வாரமாக என்னை முட்டாளாக்கியிருக்கிறாள் என்று காது சுட்டது. மிதந்ததெல்லாம் நினைவுக்கு வந்து அசடு வழிந்தது. ஆத்திரத்தில், அவள் எழுதியதை எல்லாம் சான்றாக எடுத்து வைக்கலாம் என்று, எண் வாரியாக இல்லாமல் நேர வரிசையில் அடுக்கினேன்.

அடுக்கிப் படித்தபோது அது ஒரே கடிதமாக இருந்தது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள்தான் இரண்டு தாளில் தோற்றவள். அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை, அவள் அப்பாதான் வாழைத் தோட்டத்தில் நின்று பெருமை பேசுகிறவர், அவள்தான் தீபாவளியோடு படிப்பை விட்டுவிடத் தீர்மானித்திருந்தவள். கடைசியில் ஒவ்வொரு வாரமும், தன் சொந்த எண்ணில், நன்றாக இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. அந்தப் பதினாறுக்கு நான் ஐந்து தடவை "நல்லது" என்று எழுதியிருந்தேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அத்தனை வெட்கப்பட்டதில்லை. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை.

ஒருங்கிணைப்பாளரைத் திரும்ப அழைத்துச் சொன்னேன். ஐந்து எண்களை நீக்கினால் வழிகாட்டியோடு படித்தவர்களின் கணக்கு மெலிந்துபோகும் என்றார். அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. கவலையைத்தான் சொன்னார். அதில் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நீக்குங்கள், ஐந்தும் விலகியவர்கள் என்றே இருக்கட்டும், பதினாறை அழைத்துப் பேச எனக்கு அனுமதி கொடுங்கள் என்றேன். குழுவில் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தில் இணைத்துவிட்டார்.

ஒரு மெல்லிய குரல், "யாரு?" என்றது. ஐந்து வாரமாகப் பதில் எழுதுவது நான்தான் என்றேன்.

"ஆறு பேருக்கும் நீதான எழுதுத?"

வைத்துவிடுவாளோ என்று பயந்தேன்.

"ஆமா மிஸ். அவளுவளுக்கு சர்டிபிகேட் கிடைக்காமப் போயிருமா?"

"சர்டிபிகேட்ட விடு. தூக்கம் வரலன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"சோறு எறங்கலன்னு?"

"நான்தான் மிஸ்." இப்போது அழுதாள்.

"பெறகு ஒன் நம்பர்ல மட்டும் ஏன் நல்லா இருக்கேன்னு எழுதுத?"

"என் நம்பர்ல எழுதுனா அது எனக்குன்னு ஆயிரும்லா மிஸ்."

பயிற்சியில் இதற்கு ஒரு பதிலும் சொல்லித்தரவில்லை. "உனக்குத்தான் ஏட்டி. உனக்குன்னு ஆனாத்தான் உனக்குப் பதில் எழுத முடியும்" என்றேன். பைய அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அன்றே மூன்று காரியம் பேசி முடிவு செய்தோம். ஆலோசகரோடு அவள் பேசுவாள், இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கேள்வித்தாளை உண்மையாக மறுபடி நிரப்பிவிட்டு, பாடங்களை முதலிலிருந்து, பதினாறில் மட்டும் படிப்பாள். மூன்றாவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கட்டிலில் கிடக்கும் நாலு ரெக்கார்டு நோட்டுகளை வரையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். ஒருத்தி பத்து நாள் அவளோடு பேசவில்லையாம். பேசாமல் இருந்த பத்து நாளும் எப்படி இருந்தது என்று பதினாறில் ஒரு பக்கம் எழுதினாள். நானும் ஒரு பக்கம் எழுதினேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, பன்னிரண்டை நான் தேர்ந்தெடுக்கச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். திரும்ப என்னைக்குப் பரீட்சை என்று மட்டும் அவர் கேட்டாராம். அவ்வளவு நாள் பயந்தது இதற்கா என்று அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வந்ததாம். விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலையில் விடுதியிலிருந்துதான் இதை எழுதினாள். திட்டத்தின் இறுதிக் கேள்வித்தாளையும் நேர்மையாக நிரப்பினாள். தூக்கம் ஓரளவு வந்திருந்தது, பயம் பாதி இருந்தது, சோறு இறங்கியது. கூட்டினால் மதிப்பெண் பதினொன்று வந்தது. தொடக்கத்தில் அவள் போட்டது பூஜ்யம். பாதியில் மறுபடி நிரப்பினாளே, அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாமா என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். ஒருவருக்கு மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும், தொடக்கம் தொடக்கம்தான் என்று சொன்னவள் நான்.

அடுத்த வருடம் முடிவுகளைச் சொல்ல ஒரு கூட்டம் நடந்தது. வழிகாட்டி இருந்தவர்களே அதிகம் பேர் கடைசிவரை நின்றார்கள், அதிகம் தேறினார்கள் என்று திரையில் காட்டினார்கள். என் ஐந்தை நீக்கிய பிறகும் அது நின்றதில் எனக்குச் சந்தோஷம். எப்படிக் கணக்கிட்டார்கள் என்று நான்தான் அதிகம் கேள்வி கேட்டேன், பதில்களில் ஓட்டை இல்லை. பிறகு வழிகாட்டி வாரியாக ஒரு பட்டியல் வந்தது. அதில் கடைசி வரிசை என்னுடையது. விலகியவர்கள் ஐந்து. தேறியவர்கள் இல்லை. மோசமானவர் ஒன்று.

பின்னால் இருந்த வேறு கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, அந்த ஒன்று யாருடையது, அந்த மாணவி பிறகு என்ன ஆனாள் என்று அக்கறையோடுதான் கேட்டார். அரங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தது. இத்தகைய கூட்டங்களில் நான் அச்சுத் தமிழில் பேசுகிறவள். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"படிக்கா" என்றேன். "மூணாம் வருசம் படிக்கா."