ஹிபர்ட் குடும்பத்தின் கறுப்புப் பேட்ஜ்

வெர்னா ஸ்டாக் யாரையும் லேசில் மன்னிக்கிறவள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி நான், எனக்குத் தெரியாதா? தெற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விளைகிற எங்கள் ஊரில், ஆஸ்பத்திரித் துணி வெளுத்தே தலை நரைத்தவள் அவள்.

ஊர் நிலத்தில் பாதி ஹிபர்ட் குடும்பத்துடையது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த ஆம்ப்ரோஸ் ஹிபர்ட்தான் அவர்களுக்கு மூலபுருஷன். இங்கே ஹாரியட் என்பவளைக் கட்டி ஏழு பிள்ளை பெற்றான். இடையில் ஒரு நாள் கெஸியா என்றொருத்தி மகனோடு வந்து இறங்கி, "இவர் என் புருஷன்" என்றாள். யாரென்றே தெரியாது என்று கைகழுவிவிட்டான் அந்த மகராசன். அவள் திரும்பிப் போகவில்லை. அவன் கண்ணெதிரிலேயே ஊர்த்துணி துவைத்துப் பிழைத்து, பைத்தியக்காரி என்ற பட்டத்தோடு செத்தாள். அவள் வம்சம்தான் வெர்னா.

ஆம்ப்ரோஸ் வந்திறங்கிய நூற்றாண்டை ஹிபர்ட்கள் கொண்டாடியபோது, சிறுமியாக இருந்த வெர்னாவை அழைத்துக்கொண்டு அவள் அம்மா போனாள். இன்றைய பெரியவர் மெர்வினின் அப்பா வாசலிலேயே மறித்தார். "பைத்தியக்காரி வம்சத்துக்கு இங்க என்ன வேல?" அம்மா அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடக்கவே இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வெர்னா இங்கிலாந்துக்குப் போனாள். ஆம்ப்ரோஸ் பிறந்த கிராமத்துத் தேவாலயத்தில் கெஸியாவோடு நடந்த கல்யாணம் பதிவாகியிருந்தது.

"அது வேற ஆம்ப்ரோஸ்னு சாதிப்பாங்களேடி," என்றேன்.

"சாதிக்கட்டும். ரத்தம் பொய் சொல்லாது."

மெர்வினின் மகள், தங்களுக்கு ராஜவம்சத் தொடர்பு உண்டா என்று பார்க்க எச்சிலை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள். அதே இடத்துக்கு வெர்னாவும் அனுப்பினாள். அந்தப் பெண்ணுக்கு ராஜா யாரும் வரவில்லை, சொந்தக்காரி என்று வெர்னா வந்தாள்.

போன வருஷம் மறுபடி குடும்ப விழா. ஆம்ப்ரோஸின் ஒவ்வொரு பிள்ளை வழிக்கும் ஒரு நிறத்தில் பேட்ஜ். மூத்த வழிக்குச் சிவப்பு, கேக் வெட்டுவதும் அவர்கள்தான். மெர்வின் கத்தியை எடுத்தபோது வெர்னா தன் சொந்தபந்தங்களோடு உள்ளே நுழைந்தாள். எல்லார் நெஞ்சிலும் கறுப்புப் பேட்ஜ். நானும் ஒட்டிக்கொண்டேன், விடுவேனா?

"இது என்ன நிறம்? நாங்க குடுக்கலையே," என்றார் மெர்வின்.

"இதான் மூத்த பிள்ளை நிறம். கெஸியா உயிரோட இருக்கும்போதுதான் உங்க ஹாரியட்டக் கட்டினாரு. அந்தக் கல்யாணத்துக்கு என்ன பேருன்னு நீங்களே மைக்ல சொல்லுங்க."

"பொய்!"

"பொய் இல்லப்பா," என்றாள் மகள், தலையைத் தொங்கப்போட்டபடி. "பரிசோதனையில வந்துச்சு. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

மெர்வின் கத்தியை நீட்டினார். "சரி வெர்னா. நீயே வெட்டு. எல்லாம் ஒரே குடும்பந்தானே."

"குடும்பமா? உங்களோட சேர நான் வரல மெர்வின். உங்க மானத்த வாங்க வந்தேன். வாங்கிட்டேன்."

மெர்வின் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

கார் பக்கம் வந்ததும், "இப்ப திருப்தியாடி?" என்றேன்.

"இல்ல. அவங்கப்பன் இதப் பாக்காமலே செத்துட்டானே!" என்று சொல்லிக் கார்க் கதவை ஓங்கிச் சாத்தினாள்.