பெடலுக்குக் கீழே எண்ணெய்

இன்று காலை என் பழைய காரின் பிரேக் பெடலுக்குக் கீழே கசிந்திருந்ததைத் தொட்டு முகர்ந்ததும், திருநள்ளாற்றில் அப்பா வாடகைக் காரை நிறுத்திய கீற்றுக் கொட்டகைக்குப் போய்விட்டேன். அது இருந்த இடத்தில் இப்போது ஓர் அசிங்கமான லாட்ஜ் நிற்கிறது.

சனிக்கிழமைகளில் கீற்று ஓட்டைகளின் வழியே வெயில் வட்ட வட்டமாக விழ, மேலே காக்கைகள் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்க, எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி வந்த பக்தர்களின் ஈரமும், அவர்கள் வண்டியில் சிந்திய நல்லெண்ணெயும், சூடான ரெக்சினும் கலந்து ஒரே வாசனையாகித் தூக்கம் வரவைக்கும். அந்த எண்ணெய்தான் எங்களை ஏமாற்றியது. பெடலடியில் பிசுபிசுத்தால் அப்பா, "சனிக்கிழமை எண்ணெய்" என்று துடைத்துவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு வந்த குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போவார்.

ஒருநாள் அம்மா கால்மிதியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் பெயின்ட் உரிந்து கிடந்தது.

"நல்லெண்ணெய் பெயின்ட்ட உரிக்குமாங்க? இது பிரேக் ஆயிலு."

"பெரிய மெக்கானிக்கு இவ" என்றபடியே அப்பா பெடலிலிருந்து மேலே தடவிக்கொண்டு போனார். பிரேக் சிலிண்டரிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் செத்துப்போனது. உள்ளே வெடித்திருந்த ரப்பரை மாற்றினார். அம்மா பெடலை மிதித்து மிதித்து விட, பிரேக் குழாயில் புகுந்திருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறியது.

"சரியாப் போச்சு" என்றார்.

அம்மா வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளிப் போய் நின்றாள். "இப்ப ஓட்டிட்டு வந்து நிறுத்துங்க."

ஊரார் பிள்ளைகளை அத்தனை நாள் கூசாமல் ஏற்றிப்போன மனுஷன், வண்டியில் ஏறி உட்கார்ந்தும் சாவியைத் திருகாமல் இறங்கி, மறுபடி ஒவ்வொரு நட்டாக முறுக்கிப் பார்த்தார்.