ஊர் எழுத இடம் பற்றவில்லை

அத்தை எழுந்து நின்றபோது நான் அவள் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். ராபர்ட்சன்பேட்டையில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் கூடம் அது. மணமக்கள் உட்காரும் இடத்தில் மேசை போட்டு, ஓர் அதிகாரியும் அவருடைய கன்னடத்தைத் தமிழில் சொல்ல ஒரு குமாஸ்தாவும் உட்கார்ந்திருந்தார்கள். "படிவத்தைப் பற்றி யாருக்காவது கருத்து இருந்தால் சொல்லலாம்" என்று குமாஸ்தா கேட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. பின்வரிசையில் டீ எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். வார்டு ஆயாக்கள் கட்டும் நீலக்கரை வெள்ளைச் சேலையில் ஃபினாயில் வாசனை போகவில்லை. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த எனக்கு, இவள் எதையாவது உளறிவைத்து எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள் என்று முகம் சுருங்கிவிட்டது. அத்தை என் கையைத் தட்டிவிட்டுத் தொண்டையைச் செருமினாள்.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுரங்கத்தை இன்றைக்கு மூடுவார்கள், நாளைக்கு மூடுவார்கள் என்று எங்கள் கோலார் தங்கவயலில் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் ஓர் அரசு அலுவலகம், எதுவென்று சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை, சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் விவரங்களைப் புதிதாகத் திரட்ட முடிவு செய்தது. படிவத்தை அச்சடிப்பதற்கு முன்னால் அதன் மாதிரியைப் பலகையில் ஒட்டி, பொதுமக்கள் கருத்தும் ஆட்சேபணையும் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். இன்று யோசித்தால் நல்ல காரியம்தான். அதுவரை எங்களை எவரும் எதற்கும் கருத்துக் கேட்டதில்லை. மேலேயிருந்து தாள் வரும், காட்டிய இடத்தில் ரேகை வைப்போம். அதனால் கருத்துக் கேட்கிறார்கள் என்றதும், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒரே குழப்பம். வீட்டைச் சொந்தமாக எழுதித் தரப்போகிறார்கள் என்று ஒரு கட்சி, காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று இன்னொரு கட்சி. கூடத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட் அளவு புகைப்படத்தோடு வந்திருந்தார்கள்.

"சார், எல்லாம் நல்லாத்தான் கீது," என்றாள் அத்தை. "ஆனா சொந்த ஊருன்னு ஒண்ணு போட்டுக்கிறீங்களே, அதுக்கு உட்ட எடம் பத்தல சார். ஊரு பேரு, போஸ்டு, தாலுக்கா, ஜில்லா, இதெல்லாம் எங்க எழுதறது? ஊரு பேரு தெரியாத ஜனம்னு நினைச்சுக்கினீங்களா எங்கள?"

கூடம் கைதட்டியது. குமாஸ்தா மொழிபெயர்த்ததும் அதிகாரி சிரித்தபடி குறித்துக்கொண்டார். பாவம், யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று அவரும்தான் காத்துக்கொண்டிருந்தார். அன்று பதிவான ஒரே கருத்து எங்கள் அத்தையுடையதுதான். அவள் உட்கார்ந்தபோது நான் பெருமையாக நிமிர்ந்தேன். கொஞ்சம் முன்னால் முந்தானையை இழுத்த கையால் நானும் தட்டினேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. லைனில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி, "நமக்கு எந்த ஊரு?" என்பது. அதற்கு மாரிகுப்பம் என்றோ மைசூர் மைன்ஸ் என்றோ இங்கே குடியிருக்கும் இடத்தைச் சொன்னால், அப்பன் பேர் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். குடியாத்தம் பக்கம், ஆரணி பக்கம், போளூர் பக்கம் என்று சொல்ல வேண்டும். பெண் பார்ப்பதும் அதை வைத்துத்தான், சாவு சொல்லி அனுப்புவதும் அதை வைத்துத்தான். பாட்டன் காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வந்ததோடு சரி, போய்ப் பார்த்தவர்கள் குறைவு. அத்தை மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் பிறந்து, அடுத்த லைனில் வாழ்க்கைப்பட்டு, மாமா போன பிறகும் அங்கேயே இருந்தவள். பங்காருபேட்டை தாண்டிப் போனது விரல் விட்டு எண்ணக்கூடியது. ஆனால் குடியாத்தத்துக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரைப் பற்றிக் கேட்டால் நேற்று போய்வந்ததுபோல் சொல்வாள். ஆடி மாதம் அந்தப் பக்கம் யார் போனாலும் அம்மனுக்கு மஞ்சளும் குங்குமமும் ஒரு ரவிக்கைத் துண்டும் கொடுத்தனுப்புவாள்.

அப்பா இதற்கு நேர் எதிர். வாலிபத்தில் ஒரு தடவை திருவிழாவுக்கு அந்த ஊருக்குப் போயிருக்கிறார். கோயில் வரி கொடுக்கப் போனவரைப் பங்காளிகள், "நீ இந்த ஊர்க் குடி இல்ல, உன்கிட்ட வாங்க முடியாது" என்று எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றோடு அந்த ஊர்ப் பெயரை வாயால் சொல்ல மாட்டேன் என்று சபதம் போட்டார். எங்கள் வீட்டில் அதை 'அந்தச் சனியன்' என்றுதான் சொல்வோம். அப்பா பிறகு சுரங்கத்தை விட்டு, கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். சபதம் மட்டும் கூடவே வந்தது.

சில மாதங்களில் படிவம் அச்சாகி வந்தது. அத்தை கேட்டபடியே, கேட்டதற்கு மேலேயே போட்டிருந்தார்கள். சொந்த ஊர், அஞ்சல், தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று ஐந்து வரி. லைன் முழுக்க அத்தையைப் பற்றித்தான் பேச்சு. படிவம் எழுத உட்கார்ந்தவர்கள் எல்லாம், "ஆயாம்மா வாங்கிக் குடுத்த எடம்" என்று சொல்லிச் சொல்லி நிரப்பினார்கள். அத்தை மகள் அழகான கையெழுத்தில் ஐந்து வரியையும் எழுதினாள். கடைசி வரியில் தமிழ்நாடு என்று வந்தது. முன்பு சுரங்கத்தில் இருந்தவர் என்பதால் எங்கள் வீட்டுக்கும் ஒரு படிவம் வந்தது. அப்பா பேனாவை எடுத்து, "அந்தச் சனியன் பேரு என் கையால வராது" என்று சொல்லி, கோலார் தங்கவயல் என்று ஆரம்பித்துக் கர்நாடகம் என்று முடித்தார். அது வீம்பு. அதில் புத்திசாலித்தனம் எள்ளளவும் இல்லை என்பதை அவர் மகளாகவே சொல்கிறேன்.

அத்தைக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, மகளை நர்ஸ் ஆக்குவது. வார்டில் பெட்பேன் தூக்கிக்கொண்டு நின்றபடி, வெள்ளை உடையில் வரும் சிஸ்டர்களை எத்தனையோ வருடம் பார்த்தவள். 'ஏய் ஆயா' என்று கூப்பிடும் வாய் என் மகளை சிஸ்டர் என்று கூப்பிட வேண்டும் என்பாள். அரசாங்கப் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கப் போனவள் இரண்டாக வாங்கிவந்தாள். "ஒண்டியா போனா பயந்துக்குவா. நீயும் கூடப் போ" என்று ஒன்றை என்னிடம் நீட்டினாள். எனக்கு அப்படி ஓர் எண்ணமே இருந்ததில்லை. கோழி அறுப்பதைப் பார்த்தாலே தலை சுற்றும். அத்தை மகளின் மார்க்கும் என்னுடையதைவிட அதிகம். துணைக்குப் போகிறவளாகத்தான் நான் எழுதிப்போட்டேன்.

இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. சேர்வதற்கு இந்த மாநிலத்துக்காரர் என்ற இருப்பிடச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் அதைத் தருவார்களாம். நாங்கள் மூவரும் அந்த அலுவலகத்துக்குச் சேர்ந்தே போனோம். மேசைக்குப் பின்னால் அன்று மொழிபெயர்த்த அதே குமாஸ்தா. கெட்ட மனிதர் இல்லை, எங்களுக்கு உட்கார பெஞ்சு கூடக் காட்டினார். என் சான்றிதழ் சற்று நேரத்தில் கைக்கு வந்துவிட்டது. அத்தை வீட்டுப் படிவத்தை எடுத்துப் பார்த்தவர் நிமிர்ந்து அத்தையை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதானேம்மா அன்னிக்கு எழுந்து நின்னு இடம் கேட்டீங்க? நீங்களே தமிழ்நாடுன்னு எழுதியிருக்கீங்க. அங்க போய்த்தான் வாங்கணும்."

"அது பெரியவங்க ஊரு சார். நான் பொறந்தது இங்க. இவ பொறந்ததும் இங்கதான்."

"அப்படி இதுல இல்லையேம்மா."

இல்லைதான். எங்கே பிறந்தீர்கள் என்ற கேள்வியே அந்தத் தாளில் இல்லை. மாதிரிப் படிவம் வாரக்கணக்கில் பலகையில் தொங்கியது. படித்தவள் என்ற திமிரோடு நானும் அதை மேலிருந்து கீழ்வரை வாசித்திருக்கிறேன். அந்தக் கேள்வி இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. அத்தை பேசினால் மானம் போகும் என்று பயந்த எனக்கு, எழுந்து சொல்ல அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது என்பது தெரியவில்லை.

பள்ளிச் சான்றிதழைக் காட்டிப் பார்த்தோம். அப்பா போய், இவள் என் கூடப்பிறந்தவள், ஒரே வீட்டில் பிறந்தோம் என்று எழுதிக் கொடுத்தார். கூடப்பிறந்தவருக்கு வேறு ஊர் எப்படி வந்தது என்று கேட்டார்கள். அதற்கு அப்பாவிடம் பதில் இருந்தது, ஆனால் அது ஓர் அலுவலகத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை. படிவங்கள் மேலே போய்விட்டன, அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது வந்து சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை என்று ஒன்று வரவே இல்லை.

அங்கே சான்றிதழ் வாங்கித் தமிழ்நாட்டுப் பயிற்சிப் பள்ளியிலாவது சேர்த்துவிடலாம் என்று அத்தை தன் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கே கிளம்பினாள். வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஊரை அவள் முதன்முதலாகப் பார்த்தது ஒரு கையெழுத்துக்காக. நடந்ததை அத்தை மகள்தான் பிறகு எனக்குச் சொன்னாள். அங்கே இருந்த அலுவலர் ரேஷன் கார்டு கேட்டார், வீட்டு வரி ரசீது கேட்டார், உங்கள் பெயரே இங்கே இல்லையேம்மா என்று முடித்துவிட்டார். திரும்பும் வழியில் ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்த பெண்பிள்ளை, "எந்த ஊர்லேர்ந்து வரீங்க?" என்று கேட்டாளாம். அத்தை சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கோலாரு" என்றாளாம்.

லைனிலும் அவளுக்கு நிம்மதி இல்லாமல் போயிற்று. வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் வந்ததும், கைதட்டினவர்களே சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று அவள் காதுபடப் பேசினார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். எங்கள் அப்பா, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் எப்போதும் எதுவும் சொல்லவில்லை. நானாவது அன்று அவரிடம் அதைச் சொல்லியிருக்கலாம். என் சான்றிதழ் அலமாரியில் பத்திரமாக இருந்தது, வாயும் அதோடு சேர்ந்து பூட்டிக்கொண்டது.

நான் கிளம்பும் நாளன்று அத்தை வந்தாள். கையில் ஒரு பை. மகளுக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த வெள்ளை கான்வாஸ் ஷூ. "உனக்கும் அவளுக்கும் அளவு ஒண்ணுதான். வீணா இன்னாத்துக்குக் கெடக்கணும்?" என்று என் பெட்டியில் அவளே வைத்தாள். அத்தை மகள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் பயிற்சி முழுவதும் நடந்தேன். கடிக்கவே இல்லை. கடித்திருந்தால் தேவலை என்று தோன்றும்.

அத்தை மகள் மாரிகுப்பத்தில் விடிகாலை ரயிலேறிப் பெங்களூரில் தையல் கம்பெனிக்குப் போகிறவளானாள். அதுவே அவள் வாழ்க்கையாயிற்று. என்மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. பார்க்கும்போதெல்லாம், "இன்னா சிஸ்டர், எப்படி கீறே?" என்று வேடிக்கையாகக் கேட்பாள். நான் ஒரு தவறும் செய்யவில்லை என்று என் கணவர் சொல்வார், பிள்ளைகள் சொல்வார்கள். அது எனக்கும் தெரியும். தவறு செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்டுத் தொலைத்திருப்பேன். அவளுக்காக வாங்கின விண்ணப்பத்தின் ஜோடி, அவள் ஆசைப்பட்ட படிப்பு, அவள் ஷூ, எல்லாம் எனக்கு வந்தது எங்கள் அப்பாவின் வீம்பினால். இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பல வருடம் கழித்து, அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்தபோது நான் வேலை பார்த்த பெங்களூர் ஆஸ்பத்திரிக்கே வரவழைத்தேன். சுரங்கம் மூடியாகிவிட்டது, அவள் இருந்த லைனில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. பதிவு செய்யும் இடத்தில் சின்னப் பெண் ஒருத்தி கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள், அத்தை டக்டக்கென்று சொன்னாள். பிறகு கன்னடத்தில், "எந்த ஊர் அஜ்ஜி?" என்று கேட்டாள். எல்லாரையும் கேட்கும் சாதாரணக் கேள்விதான். அந்தப் பெண் விசைப்பலகையில் விரலை வைத்தபடி காத்திருந்தாள். அத்தை சரியாகத் தெரியாத கண்ணால் என்னைத் தேடி, என் வெள்ளைக் கோட்டின் கையைப் பிடித்தாள்.

"உங்க வீட்ல எழுதனதையே சொல்லிடும்மா," என்றாள். "அதான் செல்லும்."

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவள் முகத்தில் தேடினேன். இல்லை. நான் எங்கள் அப்பா எழுதிய ஊரைச் சொன்னேன், அந்தப் பெண் அதைத் தட்டச்சு செய்துகொண்டாள்.