போர்டில் அவர் இருந்த நான்கு வருஷம்

என் கணவர் எங்கள் டவுன்ஷிப்பின் ஜோனிங் போர்டில் நான்கு வருஷம் உறுப்பினராக இருந்தார். சம்பளம் கிடையாது. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ஜெர்சி சிட்டியில் வங்கி வேலையை முடித்துவிட்டு வந்த கையோடு, சாப்பிடாமல்கூட டவுன்ஹாலுக்கு ஓடுவார். வீடுகள் மட்டுமே இருக்கும் தெருவில் யாராவது கடையோ கிளினிக்கோ திறக்க வேண்டுமென்றால் அந்தப் போர்டின் அனுமதி வேண்டும். ஏழு பேரில் ஐந்து பேர் சம்மதிக்க வேண்டும்.

போர்டில் சேரும் ஆசையை அவருக்கு உண்டாக்கியவர், செத்து நூறு வருஷத்துக்கு மேலான ஓர் அமெரிக்க ஜனாதிபதி. நியூ ஜெர்சியில் ஒரு பாதிரியாருக்குப் பிறந்தவர். மகளின் பள்ளிப் பாடத்துக்காக அவர் பிறந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். பதவி என்பது ஜனங்கள் நம்பி ஒப்படைத்தது, உட்கார்ந்திருப்பவனுக்குச் சொந்தமில்லை என்பது அவருடைய கொள்கையாம். மேயராக இருந்தபோது, தெரு கூட்டும் கான்ட்ராக்டை அதிக விலை கேட்ட ஆளுக்குக் கவுன்சில் தூக்கிக் கொடுக்க, கையெழுத்துப் போட மறுத்திருக்கிறார். திரும்பி வரும்போது காரில் வழி முழுக்க என் கணவருக்கு இதே பேச்சு. ஒரு சாதாரணச் சான்றிதழுக்காக என் மாமனார் தாலுகா ஆபீஸுக்கு நடந்த நடை எனக்குத் தெரியும். அதனால் நான் சிரிக்கவில்லை.

ஆனால் அதே ஜனாதிபதிதான், டெக்சாஸில் மழை பொய்த்து விதைக்கும் வழியில்லாமல் நின்ற விவசாயிகளுக்கு அரசாங்கம் விதை வாங்கித் தருவதையும் தடுத்தார். ஜனங்கள்தான் அரசாங்கத்தைத் தாங்க வேண்டும், அரசாங்கம் ஜனங்களைத் தாங்கக் கூடாது என்று நினைத்தவர். இது என்ன நியாயம் என்று கேட்டேன்.

"ஒருத்தருக்காக வளைஞ்சா, அப்புறம் எல்லாருக்கும் வளையணும்" என்றார் என் கணவர்.

சிட்டிசன்ஷிப் கிடைத்ததும் போர்டுக்கு மனுப் போட்டார். கிடைத்தது.

நாங்கள் அமெரிக்கா வந்த புதிதில் ஜெர்சி சிட்டியின் ஜர்னல் ஸ்கொயரில் எங்கள் எதிர் அபார்ட்மென்டில் ஓர் ஈரோட்டுப் பெண் இருந்தாள். என் மகள் பிறந்தபோது அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. நாற்பது நாளும் எனக்குப் பத்தியச் சமையல் செய்து போட்டவள் அவள்தான். பிறகு இரண்டு குடும்பமும் இதே டவுன்ஷிப்பில் வீடு வாங்கினோம். வேலைக்குப் போகிறவர்களின் ஐந்து குழந்தைகளை அவள் வீட்டிலேயே பார்த்துக்கொண்டாள். இடம் கேட்டு இன்னும் பலர் காத்திருந்தார்கள். அடுத்த தெரு மூலை வீடு விலைக்கு வந்தபோது, அதை வாங்கி டேகேராக்க நினைத்தாள்.

"அண்ணன் போர்டுல இருக்கறாங்கல்லங்க்கா?" என்று கேட்டாள். கவலைப்படாதே என்று சொல்லிவிட்டேன். அவரைக் கேட்காமல் நானாகச் சொன்ன வார்த்தை. அதை நம்பித்தான் வீட்டை வாங்கினார்கள்.

அவளுடைய மனு வந்ததும், அந்த விசாரணையில் தான் உட்காரப் போவதில்லை என்று அவர் சொன்னார். ஒரு வாரம் சண்டை போட்டேன்.

"அவ கையால சாப்பிட்டிருக்கோம்" என்றேன்.

"அதனாலதான் நான் அங்க உட்காரக் கூடாது."

விசாரணை அன்று நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் பெயரைக் கூப்பிட்டதும் என் கணவர் மைக்கில், மனுதாரர் எங்கள் குடும்ப நண்பர் என்று சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி வெளியே போனார். அவர் இடத்தில் மாற்று உறுப்பினர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தார் எழுந்து கார்கள் அதிகமாகும், சத்தம் தாங்காது என்றார்கள். நான்கு பேர் சம்மதித்தார்கள். மூன்று பேர் மறுத்தார்கள். ஐந்துக்கு ஒன்று குறைந்ததால் அனுமதி கிடைக்கவில்லை. மறுத்தவர்களில் அந்த மாற்று உறுப்பினரும் ஒருவர்.

பார்க்கிங்கில் அவள் என் கணவரிடம் வந்தாள். அழவில்லை.

"நீங்க நோ சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்குமுங்கண்ணா. எந்திரிச்சுப் போயிட்டீங்களே."

சட்டம் அப்படித்தான் என்று அவர் சொல்லத் தொடங்கினார். அவள் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டாள்.

இரண்டு வீட்டை அவர்களால் சமாளிக்க முடியவில்லை. இரண்டையும் விற்றுவிட்டு, அவள் கணவனுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்ததும் ஃபிரிஸ்கோவுக்குப் போய்விட்டார்கள். நான் கூப்பிட்டால் எடுப்பாள். பிள்ளைகள் நலம், வெயில் ஜாஸ்தி என்பாள். அவளாகக் கூப்பிட்டதில்லை.

நான்கு வருஷம் முடிந்தபோது என் கணவரை மறுபடி நியமிக்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை, டவுன்ஷிப் வெப்சைட்டில் பெயரைக் காணோம், அவ்வளவுதான். அந்த இடத்துக்கு, மேயருக்காகத் தேர்தல் வேலை பார்த்த ஒரு வீட்டு புரோக்கர் வந்தார். மூலை வீட்டை ஒரு பல் டாக்டருக்கு விற்றுக் கொடுத்ததும் அந்த புரோக்கர்தான். அங்கே கிளினிக் வைக்க டாக்டர் அனுமதி கேட்டபோது, புரோக்கர் எழுந்து போகவில்லை. அவருடைய ஓட்டோடு சேர்த்து ஐந்து வந்தது.

இதைச் சுட்டிக்காட்டி என் கணவர் டவுன்ஷிப்புக்குக் கடிதம் எழுதினார். பரிசீலிக்கிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கவுன்சில் கூட்டத்துக்குப் போய், பொதுமக்களுக்குக் கொடுக்கும் மூன்று நிமிஷத்தில் நடந்ததைச் சொன்னார். மேயர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் விசாரணையன்று எழுந்து போனது சரியா என்று அவரை ஒருமுறை கேட்டேன். "தெரியல" என்றார். சரி என்று அடித்துச் சொல்லியிருந்தால் நான் கோபமாவது பட்டிருப்பேன்.

இந்த நவம்பர் தேர்தலுக்குத் தபாலில் வந்த வாக்குச்சீட்டு உறையை அவர் பிரிக்கவே இல்லை. என்னுடையதை நான் நிரப்பிப் போட்டேன். யாருக்குப் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை.