சட்டையை எடுக்காதே

இஸ்திரியக்கா என்றால் அந்த ஓட்டலின் சலவைப் பிரிவில் தெரியாதவர் இல்லை. நாளுக்கு நூற்றிருபது சட்டை தேய்ப்பாள். காலர் முதலில், கை அடுத்து, முதுகு கடைசி. உலகமே தலைகீழாக நின்றாலும் அந்த வரிசை மாறாது.

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுவார். மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின நாள், கூடத்தில் இருந்த இறால் தொட்டிக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டினார். தொட்டியில் நகத்தளவு சிவப்பு இறால்கள், நாற்பது. காகிதத்தில் நான்கு வரி.

தண்ணீரைக் கால் பங்குக்கு மேல் மாற்றாதே. தீனி குறைவாகப் போடு. கொசு மருந்து அடிக்காதே. சட்டையை எடுக்காதே, கிடக்கட்டும்.

ஒன்பதாம் நாள் அவர் இல்லை. காகிதம் இருந்தது.

முதல் மூன்றும் சுலபம். நான்காவதுதான் வதை. தொட்டிக்குப் பக்கத்து ஆணியில் அவருடைய சாம்பல் நிறச் சட்டை தொங்கியது. காலரில் அழுக்கு, கையில் கிரீஸ். ஊரார் சட்டையையெல்லாம் வெளுத்து அனுப்புகிற இடத்திலிருந்து வருகிறவள், இந்த ஒன்றைத் தொடக்கூடாது. ‘தொங்கட்டும்’ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று ஒருமுறை தோன்றியது. லிஃப்ட்காரருக்கு என்ன தமிழ் வரும் என்று விட்டுவிட்டாள்.

நாத்தனார் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

“அண்ணி, அதத் தொவைச்சுத்தான் போடுங்களேன்.”

“எடுக்காதேன்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு உங்கண்ணன்.”

“இருந்தப்ப அவரு சொன்ன எதக் கேட்டீங்க நீங்க?”

“அதனாலதான்.”

இதற்கிடையில் இறால்கள் சாகத் தொடங்கின. காலையில் மணலில் ஒன்று கிடக்கும். கண், மீசை, கால் எல்லாம் இருக்கும். அசைவு மட்டும் இருக்காது. இடுக்கியால் எடுத்துப் பூந்தொட்டியில் புதைப்பாள். இரண்டு மாதத்தில் அறுபது புதைத்தாள். தொட்டியில் நாற்பதும் ஓடிக்கொண்டிருந்தன. கணக்கு உதைத்தது. குஞ்சு பொரித்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பிறகு கணக்கு உதைக்கவில்லை. நாற்பது முப்பதாயிற்று, முப்பது பதினொன்றாயிற்று. செத்தவற்றின் கழுத்தில் வெள்ளையாக ஒரு வளையம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அவர் விட்டுப்போன உயிர் என்றால் இந்தப் பதினொன்றுதான். செத்ததில் ஒன்றைக் குப்பியில் போட்டுக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் குப்பியை விளக்கருகே தூக்கிப் பிடித்தார். “சட்டை கழட்ட முடியாம செத்திருக்கும்மா.”

“என்ன சட்டை?”

“பாம்பு உரிக்கிற மாதிரி இதுவும் உரிக்கும். உரிச்சதத் தின்னுதான் அடுத்த சட்டைக்குச் சத்து சேர்த்துக்கும். அத எடுக்கவே கூடாது. எடுத்தீங்களா?”

அவள் குப்பியை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

“அறுபது எடுத்தேன். பொதைச்சேன்.”

கடைக்காரர் மோட்டார் ஒன்றைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. “சட்டைக்கெல்லாம் யாரும்மா துக்கம் கொண்டாடுவாங்க?” என்று சொல்லி, சுண்ணாம்புச் சத்துக்காகத் தொட்டியில் போட ஒரு துண்டு கணவாய் ஓடு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கணவாய் ஓட்டைத் தொட்டியில் போட்டாள். காகிதத்தைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். ஆணியில் தொங்கியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அதை எடுத்துத் துவைத்துத் தேய்த்து மடித்து வைத்தாள். கிரீஸ் முழுதாகப் போகவில்லை.

மூன்று வாரம் எதுவும் சாகவில்லை. எதுவும் சட்டை உரிக்கவும் இல்லை. அடுத்த உரிப்பில் பிழைத்தால்தான் பிழைப்பு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது, பாசியின்மேல் ஒன்று வளைந்து நடுங்கியது. கழுத்துக்குப் பின்னால் மெல்லிய கீறல். தோளில் பையோடு அப்படியே முட்டி போட்டாள். பஸ் போயிற்று. அடுத்ததும் போயிற்று. பிறகு ஒரே துள்ளல். இறால் ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம். இறால் தள்ளாடி வேருக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. உயிரோடு.

சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர் கடிகாரத்தைக் காட்டினார். “மணி என்னம்மா ஆவுது?”

“சட்டை மாத்த நேரமாயிடுச்சு சார்.”

“யாருக்கு?”

“வீட்ல.”

அவளுக்கு வீட்டில் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.